ஊழலைப் பிடிக்க வெளியாள்: பாகிஸ்தான், குவாத்தமாலா, உக்ரைன்

உள்ளூர் போலீஸையும் கோர்ட்டையும் மக்கள் நம்பாத நிலை வந்துவிட்டால், அரசாங்கங்கள் வெளிநாட்டு நிபுணரைத் தேடிப் போகின்றன. ஆள் எவ்வளவு பெரியவர் என்பதைவிட, அவருக்குப் பணம் எப்படிப் போகிறது, அவர் 'கூடாது' என்றால் வேலை நிற்குமா என்ற இரண்டையும்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இரண்டிலும் கோட்டைவிட்டது பாகிஸ்தான். முஷாரஃப் ஆட்சியில், 2000-இல், ஊழல் வழக்குகளைக் கவனிக்கும் 'நாப்' அமைப்பு பிராட்ஷீட் என்ற தனியார் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. அரசியல்வாதிகள், அதிகாரிகள் என்று 200 பேருக்கு மேல் ஒரு பட்டியல். அவர்கள் வெளிநாட்டில் பதுக்கிய சொத்தைக் கண்டுபிடித்தால், மீட்பதில் 20 சதவீதம் கம்பெனிக்கு. கிடைத்தால்தானே கொடுக்கப்போகிறோம் என்று தோன்றும். ஆனால், பட்டியலில் உள்ளவரிடமிருந்து நாப் தானாகவே வசூலித்தாலும் அந்தப் பங்கு உண்டு என்று இருந்தது ஒப்பந்தம்! 2003-இல் அதை ரத்து செய்தார்கள். 2008-இல் சமரசம் என்று 15 லட்சம் டாலர் கொடுத்தார்கள். அது போய்ச் சேர்ந்தது அமெரிக்காவின் கொலராடோவில் அதே பெயரில் இருந்த வேறொரு கம்பெனிக்கு. அசல் கம்பெனி லண்டனில் நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போய் ஜெயித்தது. 2020 டிசம்பர் கடைசியில், லண்டன் பாகிஸ்தான் தூதரகத்தின் வங்கிக் கணக்கிலிருந்து சுமார் 2.87 கோடி டாலர் கைமாறியது. கமிஷன் பேசி ஆள் வைப்பதை இதற்குப் பிறகும் யாராவது சிக்கனம் என்றால் என்ன சொல்வது?

மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலா கதை வேறு. அங்கே 2007-இல் இருந்து ஐ.நா. ஆதரவுடன் 'சிசிக்' என்ற விசாரணை ஆணையம் இயங்கியது. செலவு நன்கொடை நாடுகளுடையது. தலைவரை நியமித்தவர் ஐ.நா. பொதுச் செயலாளர். தனியாக வழக்கு நடத்தும் அதிகாரம் அதற்கு இல்லை, உள்ளூர் அரசு வழக்கறிஞர்களோடு சேர்ந்தே நடத்த வேண்டும். என் கணக்கில் அதுதான் அதன் பலம், தொழில் அந்த ஊர் ஆட்களுக்குக் கைவந்தது. 2015-இல் சுங்கத் துறை ஊழல் சிக்கியது. இறக்குமதியாளர் ஒரு குறிப்பிட்ட போன் நம்பரைக் கூப்பிட்டுப் பேசி முடித்தால் வரி குறையும். அந்தப் பேச்சுகளை ஒட்டுக்கேட்டுப் பிடித்தார்கள். மே மாதம் துணை அதிபர், செப்டம்பரில் அதிபர் ஓட்டோ பெரெஸ் மொலினா, இருவரும் ராஜினாமா. அப்புறம் ஊழல் எதிர்ப்பு பேசியே ஜெயித்து வந்த அடுத்த அதிபர் ஜிம்மி மொராலெஸ், விசாரணை தன் பக்கமும் திரும்பியதும் ஆணையத்தின் பதவிக்காலத்தை நீட்டிக்க மறுத்தார். 2019 செப்டம்பரில் இழுத்து மூடியாயிற்று. காசு வெளியிலிருந்து வந்தாலும் கதவின் சாவி அதிபரிடம்தான் இருந்தது.

வெளியாளிடம் உக்ரைன் கேட்டது இதைவிடக் குறைவு. ஊழல் தடுப்பு உயர் நீதிமன்றத்துக்கு நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும்போது, 6 வெளிநாட்டு நிபுணர்கள் உட்கார்ந்தார்கள். ஒருவருடைய சொத்து, நேர்மை பற்றி அவர்களுக்குச் சந்தேகம் வந்தால், உள்ளூர் தேர்வுக் குழுவோடு கூட்டு அமர்வு. அங்கே அந்த 6 பேரில் குறைந்தது 3 பேர் சம்மதிக்காவிட்டால் அவர் அவுட். இப்படி 40-க்கும் மேற்பட்டவர்கள் கழிக்கப்பட்டார்கள். 38 பேர் நியமனம் பெற, 2019 செப்டம்பரில் நீதிமன்றம் வேலையைத் தொடங்கியது. வேலை முடிந்ததும் நிபுணர்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். பின்னால் அவர்களைத் துரத்த யாருக்கும் அவசியமே வரவில்லை.

இலங்கையில் 2023-இல் ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) செய்த ஆட்சிமுறை ஆய்வு நான்காவது வகை: அறிக்கை மட்டும். கடனோடு சேர்ந்து வருவதால் கொஞ்சம் கனம் உண்டு, ஆனால் செய்வதும் செய்யாததும் கொழும்பின் இஷ்டம்.

என் ஓட்டு உக்ரைனுக்கு. அதிலும் ஓட்டை உண்டு: நீதிபதியை வடிகட்டலாம், புலனாய்வு அமைப்பைக் காக்க முடியாது. 2025 ஜூலையில் அங்கே ஊழல் தடுப்பு அமைப்புகளின் சுதந்திரத்தைப் பறிக்கும் சட்டம் வந்தபோது, அதை அந்த மாதமே திருப்ப வைத்தது தெருவில் இறங்கிய மக்களும் ஐரோப்பிய ஒன்றியத்தின் நெருக்கடியும்தான். அந்த வேலைக்கு எந்த ஆலோசகரையும் ஒப்பந்தம் போட்டு வைக்க முடியாது.