தம்போபாட்டா ஆற்றங்கரை விடுதியில் மூன்று இரவுகள்

பெரு நாட்டின் குஸ்கோ நகரிலிருந்து, அமேசான் காட்டு ஊரான புவேர்ட்டோ மால்தோனாதோவுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆண்டிஸ் மலை முடிந்த கையோடு காடு தொடங்கிவிடுகிறது. இறங்கும் நேரத்தில் அந்தக் காட்டின் நடுவே அம்மைத் தழும்புபோல மஞ்சள் குட்டைகள் தெரிந்தன. லா பாம்பா என்கிற அந்த இடத்தில் தங்கத்துக்காக மண்ணைக் கிளறி, பாதரசம் விட்டு அலசியிருக்கிறார்கள். 2019-இல் பெரு அரசு ராணுவத்தையும் போலீசையும் அனுப்பித்தான் அங்கிருந்தவர்களை வெளியேற்ற முடிந்தது. பார்த்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

ஊரிலிருந்து வேன், பிறகு படகில் மூன்று மணி நேரம். அறைக்கு மூன்று பக்கம்தான் சுவர். நான்காவது பக்கம் காடு. கொசுவலை கிழிசல் இல்லாமல் இருந்தது. மின்சாரம் மாலையில் சில மணி நேரம் மட்டும். சாப்பாட்டில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆற்றின் பெரிய கெளுத்தி மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் குளத்தில் வளர்த்த பாக்கோ மீனைத்தான் சமைக்கிறார்கள். கேட்காமலே இதைச் சொன்ன சமையல்காரரை எனக்குப் பிடித்துப்போனது.

கொடுத்த பணத்துக்கு ஈடு செய்தவர் வழிகாட்டிதான். எஸே எஹா பழங்குடியைச் சேர்ந்தவர்; தலைமுறையாகப் பிரேசில் கொட்டை பொறுக்கும் குடும்பம். ஐம்பது மீட்டர் உயரமுள்ள ஒரு கொட்டை மரத்தடியில் எங்களை நிறுத்தி, பருவத்தில் பொறுக்காமல் விட்டுப்போன காய் ஒன்றைத் தேடி எடுத்தார். பார்வைக்கு உரித்த தேங்காய், கையில் வாங்கினால் கல். வெட்டுக்கத்தியால் தலைப்பக்கம் சுற்றிச் சுற்றிக் கொத்தினார். ஏழெட்டு வெட்டுக்குப் பிறகுதான் மூடி கழன்றது. உள்ளே ஆரஞ்சுச் சுளைபோல அடுக்கிய பதினெட்டுக் கொட்டைகள். ஒன்றை உரித்துத் தந்தார். கடைப் பாக்கெட்டில் வருவதுபோல வறண்டதல்ல. தேங்காய்ப் பால் ஊறும் இளம் பருப்பின் சுவை.

இந்த மரத்தைத் தோட்டமாக வைத்தால் சரியாகக் காய்ப்பதில்லையாம். பூவின் இறுகிய மூடியைத் தள்ளித் திறக்கப் பெரிய உடலுள்ள காட்டுத் தேனீக்கள் வேண்டும். அவற்றுக்குக் காடு வேண்டும். விழுந்த காயைக் கடித்துத் திறப்பது அகூட்டி என்னும் கொறிவிலங்கு. அது புதைத்துவிட்டு மறந்த கொட்டைதான் அடுத்த மரம். காட்டை நிறுத்தி வைத்தே பிழைக்க வழி இருக்கிறது என்பதை அந்த மரத்தடியில்தான் கண்ணால் கண்டேன்.

இனி குறைகள். குஸ்கோவில் எனக்கு முன்பதிவு செய்து கொடுத்தவர்கள், மக்காவ் கிளிகள் மண் தின்ன வரும் ஆற்றங்கரை, அதாவது கொல்பா, விடுதிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்றார்கள். உண்மையில் படகில் இரண்டு மணி நேரம். விடியுமுன் நான்கு மணிக்கே கிளம்ப வேண்டியிருந்தது. முதல் நாள் மழை. ஒரு கிளிகூட இறங்கவில்லை. மறுநாள் வழிகாட்டி தனிக் கட்டணம் கேட்காமல் மீண்டும் அழைத்துப் போனார். ஆறு மணி வாக்கில் பச்சைக்கிளிகள் வந்தன. பிறகு செம்மக்காவ்கள் ஜோடி ஜோடியாக வந்து செம்மண் கரையில் தொற்றிக்கொண்டன. கடலிலிருந்து இவ்வளவு தொலைவில் உணவில் உப்பு கிடைப்பது அரிது. அதற்காகத்தான் சோடியம் உள்ள அந்த மண்ணைத் தேடி வருகின்றன. ஒரு கிளி பெயர்த்த மண்கட்டியைக் காலில் பிடித்துக்கொண்டு நிதானமாகக் கடித்துத் தின்றது. இருபது நிமிடம் தொலைநோக்கியை நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

இன்னொன்று, குளிர். ஜூலையில் தெற்கிலிருந்து ஃப்ரியாஹே என்னும் குளிர்காற்று வரும் என்று யாரும் எச்சரிக்கவில்லை. பகலில் வியர்த்துக் கொட்டிய இடம், ஒரே இரவில் பத்து டிகிரி அளவுக்கு இறங்கிவிட்டது. ஒரு பக்கம் சுவரில்லாத அறையில் ஒரு மெல்லிய போர்வை எப்படிப் போதும்? கேட்ட பிறகு இன்னொன்று தந்தார்கள். முன்பே கட்டிலில் வைத்திருக்க வேண்டும்.

படகு, உணவு, வழிகாட்டி எல்லாம் சேர்த்து நான் கொடுத்தது 1,500 சோல் (பெரு நாணயம்). தம்போபாட்டா தேசியக் காப்பகத்தின் நுழைவுச்சீட்டு தனி. நான் மறுபடியும் போவேன். நீங்கள் போவதானால் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பூட்ஸ் அங்கேயே தருகிறார்கள். பணம் கட்டுமுன், எந்தக் கொல்பா, படகில் எத்தனை மணி நேரம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டிசம்பரிலிருந்து மார்ச் வரை கொட்டை உதிரும் காலம். இரண்டு கிலோ வரை எடையுள்ள காய் அவ்வளவு உயரத்திலிருந்து விழும். அந்த மாதங்களில் வழிகாட்டி நில் என்றால் நின்றுவிடுங்கள்.