இரண்டரைக் கட்டைப் பாரி நாயனம்: மத்தியமத்தில் நிறைவு, நிஷாதத்தில் குறை

சேரன்மகாதேவி வட்டாரக் கோயில்களில் வாசிக்கும் எங்கள் குழுவுக்காகக் கும்பகோணம் பக்கத்துப் பட்டறை ஒன்றில் செய்வித்த பாரி நாயனத்தை, அதாவது இரண்டரைக் கட்டைச் சுருதிக்கு அமைந்த நீளமான நாகசுரத்தை, ஆனித் திருவிழா முதல் வாசித்து வருகிறோம். உலவு எனப்படும் குழல் நன்கு காய்ந்த ஆச்சா மரம். கடைசல் வேலை மிக நேர்த்தி.

குட்டையாகவும் சுருதி கூடியும் இருக்கும் பழைய திமிரி நாயனங்களில் பிரதி மத்தியமம் (‘ம’ சுரத்தின் ஏறிய வடிவம்) இயல்பாகப் பேசும். அதன் தாழ்ந்த வடிவமான சுத்த மத்தியமத்தை உதட்டாலும் மூச்சாலும் இறக்கிப் பிடிக்க வேண்டும். நாகசுர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி உருவாக்கிய பாரி நாயனம் அந்தச் சிரமத்தைத் தீர்த்தது. பிள்ளையவர்களின் சீடர் காருகுறிச்சி அருணாசலத்தைக் கேட்டு வளர்ந்த எங்கள் ஊர்ப்பக்கத்து ரசிகர்கள், தோடி ராகத்தில் மத்தியமம் ஓர் இழை ஏறினாலும் கண்டுகொள்வார்கள். அவர்கள் முன் தயங்காமல் எடுத்து வாசிக்கும் அளவுக்கு இந்தக் கருவியின் சுத்த மத்தியமம் சுருதியோடு ஒட்டி நிற்கிறது.

கைசிகி நிஷாதம் (‘நி’ சுரத்தின் தாழ்ந்த வடிவம்) அப்படி இல்லை. அதுவும் மேல் ஷட்ஜமும் (‘ச’) சுருதிக்குச் சற்றுக் கீழே தொங்கின. பட்டறையார் தந்த சீவாளி (வாயில் வைத்து ஊதும் பகுதி) அகலமானது, அதைச் செருகும் சிறு குழலான கெண்டையும் நீளம். சீவாளியும் கெண்டையும் கொள்ளும் காற்றளவு உலவின் கூம்பு வடிவத்துக்குத் தேவையானதை விட மிகும்போது, மேல் துளைகள் திறந்து வாசிக்கும் சுரங்கள்தாம் அதிகமாக இறங்கும். ஏனெனில் அங்கே ஒலிக்கும் காற்றுத்தூண் குறுகியது. ஒடுக்கமான சீவாளியும் குட்டைக் கெண்டையும் மாற்றியதும் ஷட்ஜம் நிமிர்ந்துவிட்டது. அதனால் சிறிது ஏறிய கீழ்ச் சுரங்களை, அடியில் விரிந்திருக்கும் அணசுக்கு மேல் விரல் படாத ஐந்து துளைகளில் மெழுகு வைத்து இறக்கினோம். நிஷாதம் மட்டும் இன்னும் உதட்டழுத்தம் கேட்கிறது; நீண்ட ஆலாபனையில் இது வாசிப்பவரைக் களைப்படையச் செய்யும்.

பட்டறையில் மோகனம் வாசித்துக் காட்டினார்கள். அந்த ராகத்தில் மத்தியமமும் நிஷாதமும் இல்லை என்பதால், வாங்குவோர் அறிய வேண்டிய இரண்டு சுரங்களும் சோதனைக்கே வராமல் போகின்றன. சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு அவ்விரண்டும் வரும் ஹரிகாம்போதி ராகத்தை நிதானமாக வாசித்துப் பார்த்த பிறகே பணம் கொடுப்பது நல்லது. வெவ்வேறு நீளத்தில் இரண்டு கெண்டைகளையும் கேட்டு வாங்க வேண்டும்.

நிஷாதத் துளையைச் சிறிது அகலப்படுத்தித் தருவதாகப் பட்டறையார் மரியாதையுடன் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வெப்பத்தில் சுரம் ஏறும், குளிரில் இறங்கும் என்பதாலும், அகன்ற துளையை மீண்டும் சிறிதாக்குவது எளிதன்று என்பதாலும், மார்கழி விடியற்காலைப் பூசையில் ஒருமுறை வாசித்துப் பார்த்த பிறகே கருவியை அனுப்ப எண்ணியுள்ளோம்.