வைக்கோல் கட்டு வீடு: நண்பர்களோடு கட்டினால் எந்த முறை, எந்தப் பூச்சு?

வைக்கோல் கட்டுகளை அடுக்கிச் சுவர் எழுப்ப இரண்டு வழி உண்டு. ஒன்றில் கட்டுகளே கூரையைத் தாங்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், வீடு கட்ட மரம் கிடைக்காத மணல்மேட்டுப் பகுதியில், வைக்கோலைக் கட்டாக அமுக்கும் எந்திரம் வந்த பிறகு குடியேறியவர்கள் தொடங்கிய முறை இது. அங்கே ஆர்தர் என்ற ஊரில் 1928இல் இப்படிக் கட்டிய தேவாலயம் இன்னும் நிற்கிறது. இன்னொன்றில் தூணும் விட்டமும் நிறுத்தி, கூரையையும் போட்டுவிட்டு, இடையில் கட்டுகளை நிரப்புவோம். எது உசத்தி என்று பொதுவாகச் சொல்ல முடியாது, ஆனால் வேலைக்கு வரப்போவது நண்பர்கள் என்றால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

காரணம் மழை. கூரை இல்லாமல் நிற்கும் வைக்கோல் சுவர் நனைந்தால், மேலிருந்து இறங்கும் தண்ணீர் கட்டின் நடுவில் தங்கிவிடும், வெளியே தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரியே இருக்கும், உள்ளே மக்க ஆரம்பித்திருக்கும். கூலிக்கு ஆள் வைத்தால் ஓரளவு நாளைக் கணக்குப் போடலாம். விடுமுறை நாளில் வரும் நண்பர்களிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது, இரண்டு பேர் வராவிட்டால் அன்றைய வேலை அப்படியே நிற்கும். தலைக்கு மேல் கூரை இருந்தால் நின்றாலும் பரவாயில்லை. அதோடு, பாரம் தாங்கும் சுவர் கூரையின் எடையில் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். சுவரைச் சுற்றி இழுத்துக் கட்டும் பட்டை போட்டு முன்கூட்டியே இறுக்க வேண்டும், இல்லையென்றால் வாரக்கணக்கில் காத்திருந்துதான் பூச வேண்டும், அதற்குள் கூட்டத்தின் உற்சாகம் வடிந்துவிடும்.

தூணும் விட்டமும் நிறுத்தும் இரண்டாவது முறைக்கு மரம் அதிகம் செலவாகும், தச்சு வேலை தெரிந்தவர் கட்டாயம் வேண்டும், ஒவ்வொரு தூணுக்கும் ஏற்றபடி வைக்கோல் கட்டை வெட்டிப் பொருத்தி, மிஞ்சும் சந்தில் களிமண் புரட்டிய வைக்கோலைத் திணிக்க வேண்டும். ஜன்னல் குறைவான ஒரே ஒரு சின்ன அறை, வறண்ட பருவம் உறுதி, ஆட்களும் உறுதி என்றால் முதல் முறையே போதும், மலிவும் அதுதான்.

எந்த முறையானாலும் கட்டு சரியாக இருக்க வேண்டும். கயிற்றைப் பிடித்துத் தூக்கினால் நடுவில் தொய்யக் கூடாது, ஈரத்தை அளக்கும் கருவியைக் குத்திப் பார்த்தால் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சுவரும் தரையிலிருந்து உயர்ந்த மேடையில் தொடங்க வேண்டும்.

சரி, பூச்சுக்கு வருவோம். சிமென்ட்டை முதலிலேயே தள்ளிவிடலாம்: அது விறைப்பாக நின்று வெடிப்பு விடும், வெடிப்பு வழியே இறங்கிய மழைநீரை எளிதில் வெளியே விடாது, உள்ளே வைக்கோல் கெடும். உண்மையான போட்டி களிமண்ணுக்கும் சுண்ணாம்புக்கும்தான்.

கொத்து வேலையே தெரியாதவர்களுக்குக் களிமண் மாதிரி தோதான பொருள் வேறில்லை. முதலில் கூழ் பதத்தில் கரைத்து, வைக்கோல் முனைகளுக்குள் உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்க வேண்டும், மேலோட்டமாகத் தடவினால் பிடிக்காது, கையை எடுக்கும்போது சேறு கையோடு வராமல் வைக்கோலிலேயே ஒட்டி நிற்க வேண்டும். அப்புறம் மணலும் நறுக்கிய வைக்கோலும் கலந்த கனமான பூச்சு, கடைசியில் மெல்லிய பூச்சு. காலையில் பூசியவர் மேடு பள்ளம் விட்டுப் போனாலும் மாலையில் நனைத்துச் சரிசெய்யலாம், குழந்தைகளும் சேர்ந்துகொள்ளலாம். மண்ணின் குணம் இடத்துக்கு இடம் மாறுவதால், ஒரு பங்கு மண்ணுக்கு ஒன்று, இரண்டு, மூன்று பங்கு மணல் என்று சுவரில் சின்னச் சின்னப் பட்டையாகப் பூசிக் காயவிட்டு, வெடிக்காததையும் தேய்த்தால் உதிராததையும் எடுத்துக்கொள்ளுங்கள். குறை என்றால் ஒன்றுதான்: சாரல் நேராக அடிக்கும் சுவரில் கரையும்.

சுண்ணாம்பு மழையைத் தாங்கும், ஈரத்தையும் வெளியே விடும். ஆனால் அது தோலைச் சுடும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. பூசிய பிறகும் வெயிலும் காற்றும் நேராகப் படாமல் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு நாள்கணக்கில் ஈரமாக வைத்திருக்க வேண்டும், நண்பர்கள் கிளம்பிய பிறகு அந்த வேலை உங்கள் தலையில்தான்.

தீயைப் பற்றியும் கேட்பார்கள். அமெரிக்காவில் 2006இல் நடந்த சோதனைகளில் களிமண் பூசிய சுவர் ஒரு மணி நேரமும், சிமென்ட்டும் சுண்ணாம்பும் கலந்து பூசியது இரண்டு மணி நேரமும் தாக்குப்பிடித்தன. பூசாத சுவரும் தரையில் சிதறிய வைக்கோலும்தான் ஆபத்து, அதனால் தினமும் மாலை கூட்டி அள்ளாமல் யாரையும் கிளம்ப விடாதீர்கள்.

என் தேர்வு: உள்ளே முழுக்கக் களிமண், வெளியேயும் நீண்ட இறவாரத்தின் கீழ் களிமண். சாரல் அடிக்கும் சுவருக்கு மட்டும் முதல் பூச்சிலிருந்தே சுண்ணாம்பு, ஏனென்றால் களிமண் மேல் பூசிய சுண்ணாம்பு பிடிக்காமல் உரிந்து வரலாம். அந்தச் சுவருக்குக் கூட்டத்தை அழைக்காமல், கையுறையும் கண்ணாடியும் போட்ட இரண்டு மூன்று பேரை மட்டும் கூப்பிடுங்கள், குழந்தைகள் வேண்டாம்.