ஆபீஸ் நெட்வொர்க்கில் ஐபி கொடுப்பது ரூட்டரா, சர்வரா, ஃபயர்வாலா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி, நாற்பது கம்ப்யூட்டர், ஒரே ஒரு விண்டோஸ் சர்வர். காலை ஒன்பதரைக்கு எல்லோரும் வந்து ஆன் செய்து பாஸ்வேர்டு போட்டால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கணக்குப் பிரிவு அக்கா என்னைப் பார்த்ததும் சொன்னார்: "தம்பி, பாஸ்வேர்டு போட்டுட்டு கீழ போய் டீ குடிச்சிட்டு வரேன், அப்பவும் சுத்திக்கிட்டேதான் இருக்கு." எனக்கு முன்னால் வந்தவர்கள் ரேம் கூட்டச் சொல்லியிருக்கிறார்கள், எஸ்எஸ்டி போடச் சொல்லியிருக்கிறார்கள், இவர்களும் செலவு செய்து போட்டிருக்கிறார்கள்.

அக்காவின் மெஷினிலேயே, நெட்வொர்க் விவரங்களைக் காட்டும் ஐபிகான்ஃபிக் ஆல் கட்டளையை அடித்துப் பார்த்தேன். டிஎச்சிபி சர்வர் (ஒவ்வொரு கருவிக்கும் நெட்வொர்க் முகவரியான ஐபி எண்ணைக் கொடுப்பது) என்ற வரியில் 192.168.1.1, அதாவது பிராட்பேண்ட்காரர் மாட்டிவிட்டுப் போன ரூட்டர். டிஎன்எஸ் (பெயரைக் கேட்டால் அதன் ஐபி எண்ணைச் சொல்வது) வரியிலும் அதே எண், அதன் கீழே கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8. ஆபீஸ் சர்வரின் எண் எங்கேயும் இல்லை.

லாகின் தாமதத்துக்கு அது போதும். டொமைனில், அதாவது ஆபீஸ் சர்வர் நிர்வகிக்கும் குழுவில், சேர்த்த கம்ப்யூட்டர் முதலில் டிஎன்எஸ்ஸிடம்தான் "என் டொமைன் கன்ட்ரோலர் (லாகினைச் சரிபார்க்கும் சர்வர்) எங்கே" என்று கேட்கும். அதற்கான எஸ்ஆர்வி பதிவு (எந்தச் சேவை எந்தச் சர்வரில் என்று சொல்லும் குறிப்பு) ஆபீஸ் சர்வரின் டிஎன்எஸ்ஸில் மட்டும்தான் இருக்கிறது, வெளி டிஎன்எஸ்ஸுக்கு அந்தப் பெயரே தெரியாது. கம்ப்யூட்டர் வேறு வழிகளில் தேடிப் பார்த்துக் காத்திருந்துவிட்டு, கடைசியில் தன்னிடம் சேமித்து வைத்திருக்கும் பழைய லாகின் தகவலை வைத்து உள்ளே விடும். விண்டோஸ் வழக்கமாகக் கடைசி 10 பேரின் லாகினைச் சேமித்து வைக்கிறது, அதனால்தான் இந்தக் கோளாறு மாதக்கணக்கில் வெறும் 'ஸ்லோ' என்ற பெயரில் ஓடுகிறது. அங்கே புதிதாகச் சேர்ந்த ஒரு பையனால் மட்டும் லாகின் செய்யவே முடியவில்லை. அவனுடைய தகவல் எந்த மெஷினிலும் இருந்ததில்லை, அதுதான் காரணம்.

சரி, ஐபி கொடுக்கும் வேலையை யாரிடம் விடுவது?

ரூட்டருக்கு ஒரு பெரிய நல்ல குணம் உண்டு, கரண்ட் வந்த இரண்டொரு நிமிஷத்தில் எழுந்துவிடும். மே மாதத்தில் கரண்ட் போய் யூபிஎஸ்ஸும் இறங்கிப் போன நாளில் இதன் அருமை தெரியும். சர்வர் எழுந்து அதன் சேவைகள் எல்லாம் தொடங்குவதற்குள் நாற்பது கம்ப்யூட்டரும் ஆன் ஆகி, கேட்டுப் பார்த்து, பதில் கிடைக்காமல், பழைய எண்ணின் கெடு முடிந்தவை 169.254 என்று தொடங்கும் எண்ணைத் தாங்களே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். விண்டோஸ் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மறுபடி கேட்கும்தான், ஆனால் அதுவரை பொறுக்காமல் ஆளாளுக்கு ரீஸ்டார்ட் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். ரூட்டர் ஐபி கொடுத்தால் இந்தக் கூச்சல் இல்லை. ஆனால் பிராட்பேண்டோடு வரும் ரூட்டர்கள் பலவற்றில் கொடுக்கும் டிஎன்எஸ்ஸை மாற்றவே விடமாட்டார்கள். மாற்ற முடிந்தாலும், லைன் கோளாறு என்று ஆள் வந்து ரீசெட் பட்டனை அழுத்திவிட்டுப் போனால் பழையபடி 8.8.8.8 வந்து நிற்கும், யாருக்கும் தெரியாது, இரண்டு நாள் கழித்து அக்கா மறுபடி டீ குடிக்கப் போவார்.

விண்டோஸ் சர்வரிடம் விட்டால், ஸ்கோப்பில் (கொடுக்க வேண்டிய எண்களின் வரிசையில்) ஆப்ஷன் 6 என்ற இடத்தில் டிஎன்எஸ்ஸாகச் சர்வரையே போடலாம், 15-இல் டொமைன் பெயர், 3-இல் கேட்வே (வெளியே போகும் வழியான ரூட்டரின் எண்). யாருக்கு எந்த எண், எந்தப் பெயர், எப்போது முடிகிறது என்று ஒரே திரையில் பார்க்கலாம், பிரிண்டருக்கு நிரந்தரமாக ஓர் எண் ஒதுக்கலாம். இதற்கு எதிராகப் பலரும் சொல்வது, சர்வர் படுத்தால் ஆபீஸே படுத்துவிடும் என்று. அந்த பயம் கொஞ்சம் அதிகம் என்பேன். விண்டோஸ் டிஎச்சிபியில் லீஸ் (ஓர் எண்ணை வைத்துக்கொள்ளும் கெடு) வழக்கமாக 8 நாள், அதில் பாதி, அதாவது 4 நாள் ஆன பிறகுதான் கம்ப்யூட்டர் புதுப்பிக்கக் கேட்கும். நடுவில் சர்வர் ஒரு நாள் இல்லாவிட்டாலும் ஏற்கெனவே எண் வாங்கியவை ஓடும். ரீஸ்டார்ட் செய்தால்கூட, பழைய லீஸ் முடியாமல் இருந்து கேட்வே பதில் சொன்னால் விண்டோஸ் அதே எண்ணோடு தொடரும். மாட்டிக்கொள்வது புதிதாக வரும் கருவிகளும் லீஸ் முடிந்தவையும்தான். இரண்டு சர்வர் இருந்தால் அதுவும் இல்லை, 2012 பதிப்பிலிருந்து இரண்டும் ஒரே ஸ்கோப்பைப் பகிர்ந்துகொள்ளும் ஃபெயில்ஓவர் வசதி இருக்கிறது.

அந்த 8 நாளே வைஃபையில் எமன். வழக்கமாக ஒரு ரேஞ்சில் 254 எண்தான். ஊழியர் ஃபோன், லேப்டாப், வந்துபோகும் வாடிக்கையாளர் ஃபோன் எல்லாம் அதிலேயே வாங்கினால், ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போன ஃபோனுக்கும் எட்டு நாள் எண் ஒதுங்கிக் கிடக்கும், ரேஞ்ச் நிரம்பிய அன்று ஊழியர் கம்ப்யூட்டருக்கு எண் கிடைக்காது. வைஃபையைத் தனி ரேஞ்சாகப் பிரித்து லீஸைச் சில மணி நேரமாகக் குறைத்துவிடுங்கள்.

அப்படிப் பிரிக்க ஆரம்பித்தால் ஃபயர்வாலும் (உள்ளே வெளியே போவதைக் கட்டுப்படுத்தும் கருவி) லேயர் 3 ஸ்விட்சும் (பிரித்த நெட்வொர்க்குகளை இணைக்கும் ஸ்விட்ச்) கணக்கில் வரும். விருந்தினர் வைஃபை, கேமரா, ஐபி ஃபோன் இவற்றுக்கு ஃபயர்வாலே எண் கொடுக்கட்டும், இவற்றுக்கு டொமைன் தேவையே இல்லை. டொமைன் கம்ப்யூட்டர்கள் வேறு விலானில் (அப்படிப் பிரித்த தனி நெட்வொர்க்கில்) இருந்தால் டிஎச்சிபி ரிலே வைத்து அவை கேட்பதைச் சர்வரிடம் அனுப்பிவிடலாம். ஒரே தளம், நாற்பது மெஷின் என்றால் இது அவசியமில்லை. ஒவ்வொரு மெஷினிலும் கையால் எண் போடுவது பற்றிக் கேட்பவர்களுக்கு: சர்வருக்கு மட்டும் போடுங்கள், போதும்.

எதை எடுத்தாலும் ஒரு நெட்வொர்க்கில் இரண்டு பேர் தங்களுக்குள் பேசிக்கொள்ளாமல் எண் கொடுக்கக் கூடாது. கான்ஃபரன்ஸ் ரூமில் சிக்னல் இல்லை என்று ஒருவர் ரிச்சி தெருவில் ஒரு வைஃபை ரூட்டர் வாங்கி வந்து லேன் துளையில் கேபிளைச் செருகுவார். அது உடனே 192.168.0 வரிசையில் எண் கொடுக்க ஆரம்பிக்கும். கம்ப்யூட்டர் பெரும்பாலும் முதலில் வந்த பதிலையே எடுத்துக்கொள்வதால், பாதிப் பேருக்கு எல்லாம் சரியாக இருக்கும், பாதிப் பேர் தவிப்பார்கள். டொமைனில் டிஎச்சிபி சர்வரை 'ஆதரைஸ்' செய்யும் (அனுமதிக்கும்) வழக்கம் விண்டோஸ் சர்வர்களைத்தான் கட்டுப்படுத்தும், இந்தச் சின்ன டப்பாவை ஒன்றும் செய்யாது. ஸ்விட்சில் டிஎச்சிபி ஸ்னூப்பிங் (அனுமதியில்லாத போர்ட்டிலிருந்து வரும் டிஎச்சிபி பதிலைத் தடுப்பது) இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் அந்த டப்பாவின் டிஎச்சிபியை அணைத்து வைஃபை சிக்னல் மட்டும் தரும் வெறும் ஆக்சஸ் பாயிண்டாக்குங்கள்.

இன்னொரு சண்டை, இரண்டாவது டிஎன்எஸ்ஸாக 8.8.8.8 வைக்கலாமா என்பது. சர்வர் நின்றாலும் இன்டர்நெட் ஓடுமே என்பார்கள், அது உண்மைதான். ஆனால் சர்வர் ஒருமுறை பதில் தரத் தாமதித்தால் விண்டோஸ் இரண்டாவதிடம் போய்விடும், சட்டென்று முதலாவதுக்குத் திரும்பாது. அந்த இரண்டாவது "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று சொன்னால் விண்டோஸ் அதையே முடிவான பதிலாக எடுத்துக்கொள்ளும். ஒரு நாள் வேகம், ஒரு நாள் மெதுவு என்று புரியாமல் படுத்துவது இதுதான். டொமைன் கம்ப்யூட்டருக்குச் சர்வர் மட்டும் டிஎன்எஸ், வெளிப் பெயர்களுக்குச் சர்வரிலேயே ஃபார்வர்டராக (தனக்குத் தெரியாததைச் சர்வர் கேட்கும் இடமாக) 8.8.8.8, இதில் நான் இறங்கி வருவதில்லை.

அம்பத்தூரில் ரூட்டர் டிஎச்சிபியை அணைத்து, சர்வரில் ஸ்கோப் போட்டு, யூபிஎஸ் பேட்டரி மாற்றச் சொன்னேன். மறுநாள் முப்பத்தெட்டு மெஷின் சரியானது. ஒன்றில் ஆன் செய்த அரை நிமிஷம் நெட்வொர்க்கே இல்லை, அது ஸ்விட்ச் போர்ட்டில் ஸ்பானிங் ட்ரீ (கேபிள் வளையமாகிவிடாமல் பார்க்கும் வசதி) 15, 15 விநாடியாகக் காத்திருந்தது, அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் போட்டதும் தீர்ந்தது. இன்னொன்று அக்காவுடையதேதான். எப்போதோ கழற்றிய பழைய சர்வரைத் தேடி, அதன் ஃபோல்டரைக் காட்டும் இசட் டிரைவ் ஒவ்வொரு காலையும் காத்துக்கிடந்தது. அதை நீக்கினேன். ரூட்டர் தலையில் வெள்ளைத் தாள் ஒட்டி, "ரீசெட் செய்தால் டிஎச்சிபியை ஆஃப் செய்யவும்" என்று அக்காவே மார்க்கரில் எழுதினார்.