எச்சரிக்கை: 780 யூரோவுக்கு எங்களிடம் விற்கப்பட்ட அடுத்த வீட்டுக் கொள்ளுப்பாட்டி

அயர்லாந்து வழி முன்னோரைத் தேடித் தருவதாகச் சொல்லும் ஓர் இணையவழிச் சேவையிடம் 780 யூரோவைப் பறிகொடுத்துவிட்டு, அந்த ஆத்திரம் தணியுமுன் இதை எழுதுகிறேன். வங்கியில் புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. பச்சை வயல், பாழடைந்த கல்வீடு, ‘உங்கள் மண்ணைக் காட்டுகிறோம்’ என்ற வாசகம் ஆகியவற்றை முகப்பில் வைத்திருக்கும் தளங்கள் பல உண்டு, அவற்றில் ஒன்று.

நான் மெல்போர்னில் வசிக்கிறேன். என் மனைவி இந்நாட்டவர். மாமியாரின் கொள்ளுப்பாட்டி அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவர். விக்டோரியா மாநிலத்தின் பழைய இறப்புச் சான்றிதழ்களில் இறந்தவரின் பெற்றோர் பெயரும் பிறந்த இடமும் பதிவாகியிருக்கும் என்பதால், ‘கில்மோர், வெக்ஸ்ஃபோர்டு’ என்ற இரண்டு சொற்கள், அதாவது ஊரும் கவுண்டியும் (நம் மாவட்டம் போன்றது), எங்கள் கையில் இருந்தன. வயதைக் கொண்டு கணக்கிட்டால் பிறப்பு 1858ஐ ஒட்டி வருகிறது. மாமியாரின் 80ஆவது பிறந்தநாளுக்கு அந்தப் பாட்டி பிறந்த டவுன்லேண்டைக் கண்டறிந்து பரிசாகக் கொடுக்க நினைத்தேன். டவுன்லேண்ட் என்பது அங்குள்ள நிலப் பிரிவுகளில் ஆகச் சிறியது. நம் பக்கத்துப் பட்டியைப் போலச் சில வீடுகளும் சுற்றியுள்ள வயல்களும் சேர்ந்தது. தீவு முழுவதும் 60,000க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. ஒரே பெயர் பல கவுண்டிகளில் திரும்பத் திரும்ப வரும். இந்தக் கடைசிச் செய்தியை முன்பே அறிந்திருந்தால் இப்பதிவுக்கு வேலையே இருந்திருக்காது.

முன்பணமாக 280 யூரோ செலுத்திய பத்தாம் நாள், ஆய்வாளர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்ட ஒருவர் காணொளி அழைப்பில் வந்தார். திரையில் ஒரு கத்தோலிக்கப் பங்கின் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதியின்) திருமுழுக்குப் பதிவேட்டுப் பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். மை ஊறிய பழுப்புத் தாள். சாய்ந்த இலத்தீன் எழுத்து. பாட்டியின் பெயர் என்று ‘பிரிஜிடா’ என்ற சொல்லின் மேல் சுட்டியை நிறுத்தி, பெற்றோர் பெயரையும் ஞானப்பெற்றோர் பெயரையும் மெதுவாக வாசித்தார். அருகில் அமர்ந்திருந்த மாமியார் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்துக்கொண்டார். அந்த நொடியில்தான் நான் ஏமாந்தேன். பதிவேட்டின் மற்றப் பக்கங்களைப் பார்ப்பதற்குப் பங்குத்தந்தையின் அனுமதிக் கட்டணம் என்று சொல்லி அவர் கேட்ட 500 யூரோவை, அழைப்பு முடிவதற்குள்ளேயே அட்டையில் செலுத்திவிட்டேன். ஆக 780 யூரோ.

வந்து சேர்ந்த அறிக்கை 46 பக்கம். அதில் முப்பதுக்கு மேற்பட்டவை கிரிஃபித் மதிப்பீட்டின் அச்சுப் பக்கங்களும் வரைபடங்களும். 1847 முதல் 1864 வரை நடந்த அந்த வரி மதிப்பீடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது என்பதோடு, நிலத்தை வைத்திருந்தவர் யார், அவருக்குக் குத்தகைக்கு விட்டவர் யார் என்பதைத்தான் அது சொல்லுமே தவிர, மனைவி மக்களைச் சொல்லாது. கூடவே ஒரு குலச்சின்னம், பொன்னிற ஓரம் வைத்து. அயர்லாந்தில் குலச்சின்னம் தனிமனிதருக்கு வழங்கப்படுவது. குடும்பப் பெயர் ஒன்றாக இருப்பவர்களுக்கெல்லாம் சொந்தமாவதில்லை.

சந்தேகம் எழுந்தது 1858ஆம் ஆண்டின் ‘அரசுப் பிறப்புச் சான்றிதழ்’ என்று தட்டச்சு செய்யப்பட்டிருந்த தாளைப் பார்த்தபோது. அயர்லாந்தில் பிறப்புகளை அரசு பதியத் தொடங்கியதே 1864இல்தான். அடுத்த பக்கத்தில் அதே குடும்பத்தின் 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. வெக்ஸ்ஃபோர்டின் அந்தத் தாள்கள், 1922இல் உள்நாட்டுப் போரின்போது டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் பொது ஆவணக் காப்பகம் எரிந்ததில் சாம்பலானவை. சாம்பலிலிருந்து பக்கத்தை எடுத்துத் தந்திருக்கிறார்கள்!

பிறகு பதிவேட்டுப் படத்தை நிதானமாகப் பார்த்தேன். ஆண்டு எழுதியிருக்க வேண்டிய மேல்விளிம்பு வெட்டப்பட்டிருந்தது. பெரும்பாலான கத்தோலிக்கப் பங்குகளின் பதிவேடுகள், ஏறத்தாழ 1880 வரையிலானவை, அயர்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் 2015 முதல் இலவசமாகவே இருக்கின்றன. அனுமதியும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். வெக்ஸ்ஃபோர்டு கில்மோரின் பக்கங்களை இரண்டு இரவு புரட்டியும் அப்படியொரு பதிவு இல்லை. ஞானப்பெற்றோர் பெயருக்கருகே எழுதியிருந்த டவுன்லேண்டின் பெயரைத் தேடினேன். பார்ஜி பாரனியில், அதாவது வெக்ஸ்ஃபோர்டு கில்மோர் இருக்கும் வட்டாரத்தில், அந்தப் பெயரே கிடையாது. அது கேவன் கவுண்டியில் உள்ள வேறொரு கில்மோரைச் சேர்ந்தது. வெக்ஸ்ஃபோர்டு இருப்பது தென்கிழக்குக் கடற்கரையில். கேவனோ கடலே தொடாத, வட அயர்லாந்தை ஒட்டிய கவுண்டி. யாரோ ஒருவரின் பாட்டியை 780 யூரோவுக்கு எங்களுக்கு விற்றிருக்கிறார்கள்.

புகார் அனுப்பினேன். முதல் பதில் ஓர் எண்ணும், ஏழு வேலைநாள் காத்திருக்கும்படி ஒரு வேண்டுகோளும். ஏழு நாள் கழித்து, ஆய்வாளர் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். பின்னர் வேறொரு பெயரில் எழுதியவர், ஊர்ப்பெயர்களின் எழுத்துக்கூட்டு மாறுபடுவது அயர்லாந்தில் இயல்பு என்று எனக்குப் பாடம் எடுத்தார். எழுத்து மாறலாம், கவுண்டி மாறுமா என்று கேட்டதற்கு, 1922 தீவிபத்தில் ஆவணங்கள் அழிந்துபோன நிலையில் இவ்வளவு கிடைத்ததே அரிது என்று பதில் வந்தது. கத்தோலிக்கப் பங்குகளின் பதிவேடுகள் அந்தந்தப் பங்கிலேயே இருந்தவை, அந்தத் தீயில் சிக்காதவை. எரிந்துபோனதை விற்பார்கள், எரியாததை எரிந்தது என்பார்கள். கடைசியாக நேற்று இரவு: எண்முறை அறிக்கை ஒப்படைக்கப்பட்டுவிட்டதால் பணம் திருப்பித் தரப்படாது, உரையாடல் முடிக்கப்படுகிறது. 780 யூரோ!

அந்தக் குலச்சின்னத்தைச் சட்டமிட்டு மாமியார் கூடத்தில் மாட்டிவைத்திருக்கிறார். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

படிப்படியான வழிகாட்டி ஒன்றை எழுத வேண்டுமென்றுதான் உட்கார்ந்தேன். இப்போது அதற்கு மனம் ஒப்பவில்லை. இவ்வளவுதான்: காசு கட்டுமுன் தேசிய நூலகத்தின் பங்குப் பதிவேடுகளையும், தேசிய ஆவணக் காப்பகத்தின் 1901, 1911 கணக்கெடுப்புகளையும் நீங்களே திறந்து பாருங்கள்; எல்லாம் இலவசம். ஊர்ப்பெயரோடு கவுண்டி, பாரனி, சிவில் பாரிஷ் (அரசின் பழைய நிலப் பிரிவு) மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்; சிவில் பாரிஷும் கத்தோலிக்கப் பங்கும் ஒன்றல்ல என்பதை மறவாதீர்கள். படம் காட்டினால் வெட்டாத முழுப் பக்கத்தைக் கேளுங்கள். குலச்சின்னம் இலவசம் என்றால் ஓடிவிடுங்கள். இரண்டாம் தவணையை அழைப்பிலிருந்தபடியே கட்டாதீர்கள். வங்கி என்ன சொல்கிறது என்பதைப் பிறகு எழுதுகிறேன்.