டைசல்ஃபிராம்: இரண்டு ஆண்டுகள் சாப்பிட்ட அனுபவம்

மருத்துவமனையில் பத்து நாள் இருந்து குடியை நிறுத்திய பிறகு, எனக்கு டைசல்ஃபிராம் 250 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு முன் கல்லீரல் பரிசோதனையும் இசிஜியும் எடுத்தார்கள். இந்த மாத்திரையோடு குடித்தால் என்ன நடக்கும் என்பதை எனக்கும் என் மனைவிக்கும் மருத்துவர் பொறுமையாக விளக்கினார்.

இது குடிக்கும் ஆசையைப் போக்கும் மாத்திரை அல்ல. எனக்கு ஆசை அப்படியேதான் இருந்தது. உடம்பில் மது அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாக மாறுகிறது; அதைச் சிதைக்கும் நொதியை டைசல்ஃபிராம் முடக்கிவிடுகிறது. அது உடம்பில் தேங்குவதால், குடித்த சற்று நேரத்தில் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. என்னைக் காப்பாற்றியது அந்த இரண்டு வாரம்தான். மாலையில் கடையைத் தாண்டும்போது, இன்று வழியே இல்லை என்று தெரிந்ததும் கால்கள் வீட்டுப் பக்கம் திரும்பிவிடும்.

காலையில் மாத்திரையை எடுத்துக் கொடுத்து, நான் விழுங்கும்வரை மனைவி எதிரே உட்கார்ந்திருப்பாள். முதல் மாதம் அது அவமானமாகத் தெரிந்தது. பிறகு நானே தண்ணீர் டம்ளரோடு போய் அவள் எதிரே உட்காரத் தொடங்கினேன்.

ஆரம்பத்தில் பகலில் தூக்கம் வந்தது, வாயில் உலோகச் சுவை இருந்தது, இரண்டும் போய்விட்டன. ஒருமுறை ஆல்கஹால் கலந்த இருமல் மருந்தைக் கவனிக்காமல் குடித்து, முகமெல்லாம் எரிந்து, பயந்துபோனேன். அதன்பின் எந்தப் புட்டியையும் படிக்காமல் திறப்பதில்லை.

குடிப்பவருக்குத் தெரியாமல் இதைக் குழம்பிலோ காபியிலோ கலந்து கொடுக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். தெரியாதவர் வழக்கம்போல் குடிப்பார்; இதய நோய் இருந்தால் அன்றே விபரீதமாகிவிடலாம். என் அம்மாவும் ஒருமுறை விளம்பரம் பார்த்து வாங்கிய பொடியை எனக்குச் சாப்பாட்டில் கலந்திருக்கிறார். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அவர் பட்ட தவிப்பு எனக்குப் புரிகிறது. அந்தத் தவிப்போடு மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

இரண்டாம் ஆண்டின் முடிவில் கல்லீரல் பரிசோதனையில் அளவுகள் ஏறியிருந்ததால் டைசல்ஃபிராமை நிறுத்திவிட்டார்கள். சிறுநீரகத்தைச் சோதித்துவிட்டு, குடிக்கும் ஆசையைக் குறைக்கும் அகாம்ப்ரோசேட் கொடுத்தார்கள்: 333 மில்லிகிராம் மாத்திரை, வேளைக்கு இரண்டாக மூன்று வேளை. இதோடு குடித்தால் உடம்பு தண்டிக்காது. முதல் சில வாரங்கள் வேலியைப் பிடுங்கிவிட்டதுபோல் நடுங்கினேன். காலை வேளை மாத்திரையை இன்றும் மனைவி எதிரே உட்கார்ந்துதான் விழுங்குகிறேன்.