லாமி சஃபாரி: ஒரு பேனா, மூன்று நிப்

எழுத்தைத் தொழிலாகக் கொண்டவர்களுக்குக் கூடவே ஸ்கெட்ச் நோட்டு, பறவைக் குறிப்பு, கடிதம் எழுதுவது என்று நாலைந்து பைத்தியம் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பேனா வாங்கினால் வரும் சன்மானம் பேனாக் கடைக்கே போய்விடும். லாமி சஃபாரி இங்கேதான் கைகொடுக்கிறது.

பள்ளிப் பிள்ளைகளை மனத்தில் வைத்து 1980இல் வந்த ஜெர்மன் மைப்பேனா இது. கெட்டியான பிளாஸ்டிக் உடம்பு, தடித்த கம்பி கிளிப், மை மட்டம் பார்க்கப் பக்கத்தில் ஒரு திறப்பு. அழகு என்று சொல்ல முடியாது, ஆனால் பையில் போட்டு எங்கும் அலையலாம்.

இதன் பலமே நிப்பை நாமே மாற்றலாம் என்பதுதான். நிப்பின் மேல் செலோ டேப்பை அழுத்தி ஒட்டி நேராக முன்னால் இழுத்தால் கழன்று வரும். பக்கவாட்டில் திருகினால் நிப் வளைந்துவிடும். புது நிப்பை, அதற்கு மை கொண்டுவரும் அடிக்கட்டையின் மேல் பொருத்தி, அதற்குமேல் நகராத அளவுக்குத் தள்ளுங்கள். மை இறங்கவில்லையென்றால் கன்வர்ட்டரின் (புட்டி மையை உறிஞ்சி வைக்கும் குழாய்) குமிழை மெல்லத் திருகி ஒரு சொட்டு விடுங்கள். கை கறையாகும், பழந்துணி பக்கத்தில் இருக்கட்டும்.

பாக்கெட் நோட்டில் பொடியாகக் குறிக்க இஎஃப் (மிக மெல்லிய) நிப் சரி. ஆனால் சொரசொரப்பான வாட்டர்கலர் தாளில் அது தாளின் நாரைக் கிழித்து, நிப்பின் பிளவில் சிக்கவைத்து, கோட்டைத் தடிக்க வைக்கும். படத்துக்கு எஃப் (மெல்லிய) நிப் நல்லது. கைப்பிரதிக்கு எம் (நடுத்தரம்), கடித உறைக்கு 1.1 மி.மீ. பட்டை நிப். மலிவான ஜெராக்ஸ் தாளில் எம் கசியும்.

நிப்பை மாற்றுகிற மாதிரி மையை மாற்ற முடியாது. சாதாரண நீல மையில் வரைந்து மேலே வண்ணம் பூசினால் கோடெல்லாம் கரைந்து ஓடும். அதற்குப் பிளாட்டினம் கார்பன் போன்ற நிறமி மை வேண்டும். அது காய்ந்தபின் நீரில் கரையாது, பேனாவுக்குள் காய்ந்தாலும் அப்படித்தான். எனவே வாரக்கணக்கில் சும்மா போடாதீர்கள். மாதம் ஒருமுறை, தெளிந்த நீர் வரும்வரை பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வரைவதற்கும் எழுதுவதற்கும் தனித்தனிப் பேனா வைப்பதே நிம்மதி. அரக்கு கலந்த டிராயிங் இங்க்கை மட்டும் எதிலும் ஊற்றாதீர்கள், அடைத்துக்கொண்டால் பேனா போனதுதான்.

குறைகள்? பிடிக்குமிடம் முக்கோணமாக இருப்பதால், பேனாவைச் சாய்த்துத் திருப்பிப் பிடிப்பவர்களுக்கு நிப் தாளில் சரியாக உட்காராது, மை விட்டுவிட்டு வரும். கடையில் ஒரு பக்கம் எழுதிப் பார்க்காமல் வாங்க வேண்டாம். மை அடைத்து வரும் குப்பிகளில் லாமியின் டி10 காட்ரிட்ஜ்தான் இதற்குச் சேரும். மைப்புட்டி பிடித்தவர்கள் இசட்28 கன்வர்ட்டர் வாங்க வேண்டும், அது கொள்ளும் மை குறைவு. நிறைய எழுதுபவர்கள் காலி காட்ரிட்ஜைச் சிரிஞ்சால் நிரப்பிக்கொள்ளலாம், ஒரு மில்லிக்குச் சற்று மேல் பிடிக்கும்.

முதலில் எஃப் நிப்போடு வாங்குங்கள். எம்மையும் 1.1ஐயும் தேவைப்படும்போது தனியாக வாங்கிக்கொள்ளலாம்.